ராமநாதபுரம் கரைக்குப் புதுசா? கிழமை பார்த்துச் சாப்பிடுங்கள்

இங்கே மாற்றலாகி வருகிற பேங்க்காரர், டீச்சர், ரயில்வேக்காரர், ரெண்டு நாள் லீவில் ராமேஸ்வரம் பார்க்க வருகிற குடும்பம், யாராக இருந்தாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும்?" நான் பதிலுக்கு, "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்பேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இந்தக் கரையில் எந்தக் கடை என்பதைவிட எந்த நாள், எந்த மாதம், எந்தப் பக்கத்துக் கடல் என்பதுதான் தட்டில் விழுவதைத் தீர்மானிக்கிறது. அதனால் இதைக் கடைகளின் பட்டியலாக எழுதவில்லை. கடை இன்றைக்கு நன்றாக இருக்கும், மாஸ்டர் மாறினால் நாளைக்குக் கெட்டுப்போகும். கடல் சொல்வதைக் கேட்டுச் சாப்பிடப் பழகிவிட்டால் எந்தக் கடையிலும் ஏமாற மாட்டீர்கள்.

முதலில் கிழமை

ராமேஸ்வரத்தின் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி என்று மூன்று நாள் கடலுக்குப் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. ரெண்டு தரப்பும் ஒரே கடலை நம்பிப் பிழைக்க வேண்டும் என்பதற்காக ரொம்ப காலமாக இருக்கிற ஏற்பாடு இது. மீன்துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பும் படகு ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். ஆகவே விசைப்படகு மீன், இறால், கணவாய், நண்டு எல்லாம் கரையில் கொட்டுவது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில். அந்த மதியங்களில் சாப்பிடுங்கள். திங்கள்கிழமை மதியம் ஒரு தட்டில் பெரிய இறால் வந்தால் அது ஐஸில் இருந்து வந்திருக்கலாம், இல்லை என்றால் பண்ணை இறாலாக இருக்கலாம். சாப்பிடக் கூடாது என்றில்லை, ஆனால் இன்றைக்குக் காலையில் கரைக்கு வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதற்கும் விதிவிலக்கு உண்டு. காற்று எச்சரிக்கை வந்தால் டோக்கன் கொடுக்க மாட்டார்கள். இலங்கைக் கடற்படை படகையும் ஆட்களையும் பிடித்துக்கொண்டு போனால் மீனவர்கள் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்துவிடுவார்கள், துறைமுகம் முழுக்கப் படகுகள் அசையாமல் நிற்கும். அந்த நாள்களில் மீன் இல்லையே என்று கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள். அவருடைய மச்சானோ தம்பியோ அந்தப் படகில் போனவராக இருக்கலாம்.

அப்புறம் மாதம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளை நிறுத்திவைப்பார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூட லீவு, சரியாக அந்த நேரத்தில்தான் ஊர் முழுக்கச் சுற்றுலா வண்டி.

நானே ஒரு மே மாதம் இதில் மாட்டினேன். மதுரையிலிருந்து வந்த சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். பெரியப்பாவுக்கு வஞ்சரம் வேண்டும் என்று ஆசை. நானும் எதையும் கேட்காமல் ஆறு துண்டு சொல்லிவிட்டேன். வந்தது மசாலாவில் முக்கி முக்கிக் கருகப் பொரித்த மீன். பிய்த்தால் நார் நாராக வரவில்லை, மாவு மாதிரி உதிர்ந்தது. பல நாள் ஐஸில் கிடந்த மீன் அப்படித்தான் உதிரும். பெரியப்பா மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார், பில்லைப் பார்த்ததும் எனக்குத்தான் வயிறு எரிந்தது. அதே நாள் காலையில் எங்கள் தெருவில் ஒரு அக்கா தலைச்சுமையாக முரலும் சூடையும் கொண்டுவந்து கூறு போட்டு விற்றுக்கொண்டு போனார். அதை வாங்கி வீட்டிலேயே பொரித்திருக்க வேண்டும்.

தடைக்காலத்தில் நாட்டுப்படகும் வல்லமும் கரையோரத்தில் போய்வரும். அவர்கள் கொண்டுவருவது சின்ன மீன்கள்: முரல், சூடை, நகரை, காரல். பெரிய துண்டு மீனை மறந்துவிட்டு இவற்றைக் கேளுங்கள். நகரையை மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் மட்டும் தடவி நல்லெண்ணெயில் பொரித்தால் முள் வரைக்கும் மொறுமொறு என்று கடித்துத் தின்னலாம், என்னைக் கேட்டால் வஞ்சரத்தை அதன் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

எந்தக் கடல்

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றால் ரெண்டு கடலையும் பார்க்கலாம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கை பெண் கடல் என்பார்கள், தெற்கை ஆண் கடல் என்பார்கள். ஆனி, ஆடியில் தெற்கு கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடித்து வடக்கு கலங்கும். ஆடி மாதத்தில் வந்தால் தேவிபட்டினம், தொண்டி பக்கமாகப் போய்ச் சாப்பிடுங்கள், கார்த்திகையில் வந்தால் பாம்பன் தெற்குவாடி, கீழக்கரை பக்கம். ஆள்கள் பாலத்தில் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள். அப்படியே எந்தப் பக்கம் அலை வெள்ளையாக உடைகிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு உதவும். (வண்டியைப் பாலத்தில் ரொம்ப நேரம் நிறுத்தாதீர்கள், பின்னால் பஸ் வந்தால் ஊரே நின்றுவிடும்.)

பெயர் தெரியாமல் ஆர்டர் பண்ணாதீர்கள்

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு முக்கியமான பாடம். நீங்கள் வஞ்சரம் என்பதை இந்தத் தென்கரையில் சீலா, நெய்மீன் என்பார்கள். உங்கள் ஊர் ஷீலா வேறு மீன், அதற்கு இங்கே ஊளி என்று பெயர். சீலா என்று பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து, அது மலிவு மீன்தானே என்று நாலு துண்டு சொல்லிவிட்டு விலையைக் கேட்டுத் திகைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணவாயிலும் ரெண்டு வகை. ஊசிக்கணவாய் மெல்லிசு, வளையம் வளையமாக வெட்டிச் சட்டென்று பொரித்து எடுப்பது. ஓட்டுக்கணவாய் தடிமன், உள்ளே வெள்ளை ஓடு இருக்கும், அது தொக்குக்கு நல்லது. எதுவானாலும் அடுப்பில் அதிக நேரம் கிடந்தால் ரப்பர்தான். ஆகையால் கணவாயைப் போட்டு வைத்ததில் இருந்து எடுத்துத் தரச் சொல்லாமல், புதிதாகப் போடச் சொல்லிக் காத்திருங்கள்.

நண்டில் நீலக்கால் நண்டும் முக்கண் நண்டும் கிடைக்கும். சமைக்கும் முன் காட்டச் சொல்லலாம், தப்பில்லை. கையில் எடுத்தால் கனக்க வேண்டும். காலின் தடித்த பகுதியை அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும், அமுங்கினால் அது ஓடு மாற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. ஆமைக்கறி, கடல் அட்டை என்று யாராவது காதில் சொன்னால் அங்கிருந்து எழுந்துவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. ஆமை, அட்டை, கடற்பசு, கடல் குதிரை எல்லாம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர்கள். கடற்பசுவை எங்கள் பக்கம் ஆவுளியா என்பார்கள். பழைய ஆட்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழும், அவ்வளவு குறைந்துபோய்விட்டது. தின்று பார்க்க இந்தக் கரையில் வேறு ஆயிரம் இருக்கிறது.

மெஸ்ஸில் உட்கார்ந்த பிறகு

பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். ரெண்டு மணிக்குப் போனால் குழம்பு இருக்கும், மீன் இருக்காது. உட்கார்ந்ததும், "அண்ணே, இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?" என்று கேளுங்கள், "என்ன மீன் இருக்கு?" என்று கேட்க வேண்டாம். இருக்கு என்பதற்கு ஃப்ரிட்ஜில் இருப்பதெல்லாம் பதிலாகும். வந்துச்சு என்றால் அன்றைக்குக் காலையில் வந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை பாம்பனில் இப்படிக் கேட்டபோது பரிமாறுகிறவர் குனிந்து, "பாறை நேத்தையது, வேணாம். விளமீன் காலையில வாங்குனது, அதச் சாப்பிடுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். கேட்கிறவருக்கு விவரம் தெரியும் என்று பட்டுவிட்டால் இந்த ஊரில் பொய் சொல்ல மாட்டார்கள்.

விலையை முன்னாடியே கேட்டுவிடுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். பொரித்த மீன் துண்டுக்கு ஒரு விலை, முழு மீன் என்றால் சைஸுக்கு ஒரு விலை. நண்டும் சிங்கி இறாலும் பெரும்பாலும் எடை போட்டுத்தான்.

குழம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தின் முண்டு மிளகாய் உருண்டையாக, தோல் தடித்து, பார்க்கக் குட்டித் தக்காளி காய்ந்த மாதிரி இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மழையை நம்பி இந்தக் கரிசலிலும் உவர் மண்ணிலும் விளைவது. அதன் குணம் நாக்கை எரிப்பது இல்லை, நிறத்தையும் ஒரு தடித்த வாசனையையும் கொடுப்பது. காரத்துக்குச் சம்பா மிளகாய் சேர்ப்பார்கள். இந்தக் கலவையில் புளி ஊற்றிக் கொதித்த மீன் குழம்பைச் சோற்றில் முதலில் ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பிசைந்து பாருங்கள். மேலே எண்ணெய் பிரிந்து செம்பழுப்பாக நிற்கும், விரலில் ஒட்டும், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகும் நகக்கண்ணில் சிவப்பு போகாது. முந்தின நாள் குழம்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மீன்தான் அன்றன்றைக்கு வேண்டும், குழம்பு ஒரு ராத்திரி தாண்டினால்தான் ருசி.

ராமேஸ்வரத்திலும் தனுஷ்கோடியிலும்

கோயிலைச் சுற்றி சைவம்தான், அதுதான் முறையும். 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர்களுக்குச் சூடான இட்லியும் காபியும் போதும். வடநாட்டு யாத்திரிகர் கூட்டம் அதிகம் என்பதால் ரொட்டி, பருப்பு, சப்ஜி கிடைக்கும் கடைகளும் நிறைய. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் அங்கே சாப்பிடக் கிளம்பாதீர்கள், இலைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். மண்டபத்திலோ உச்சிப்புளியிலோ சாப்பிட்டுவிட்டுத் தீவுக்குள் போவது நல்லது.

தனுஷ்கோடிக்கு, 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊருக்கு, இப்போது அரிச்சல்முனை வரை தார் ரோடு இருக்கிறது. வழியில் ஓலைக் கொட்டகைகளில் பெண்கள் மீன் பொரித்துத் தருவார்கள். மசாலா தடவிய மீன்களைத் தட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். மசாலா பூசின பிறகு மீனின் வயதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆகவே பூசாத மீனைக் காட்டச் சொல்லிச் செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் சரி, பழுப்பு என்றால் வேண்டாம். கண் பளபளவென்று புடைத்திருக்க வேண்டும். அங்கே குடிதண்ணீர் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும், எண்ணெய், விறகு, ஐஸ் எல்லாம் அப்படித்தான், அதனால் டவுன் விலைக்குக் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம். விலையைக் கேளுங்கள், ஒத்துவந்தால் சாப்பிடுங்கள். மாலையில் போலீஸார் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மதியத்துக்குள் போய்விடுவது உத்தமம்.

கீழக்கரைக்கு ஒரு முழு நாள்

ராமநாதபுரத்திலிருந்து சுமார் 17 கிலோமீட்டர். பலர் ஏர்வாடி தர்காவுக்குப் போகிற வழியில் பிரியாணி பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள், மனசு கேட்கவில்லை. வள்ளல் சீதக்காதி பிறந்த ஊர், மரக்கலம் ஓட்டி இலங்கைக்கும் மலாயாவுக்கும் வியாபாரத்துக்குப் போன ஊர். அந்தப் பயணமெல்லாம் அடுப்படியில் இருக்கிறது. இங்கே குழம்புக்கு ஆணம் என்று பெயர். மீன் ஆணம், கறி ஆணம். இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஆணம் ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். நெய்ச்சோறும் தாளிச்சாவும் கிடைத்தால் பிரியாணியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைத்த வட்டலப்பம் பெரும்பாலும் வீட்டுப் பலகாரம், பெருநாளுக்கு யாராவது கூப்பிட்டால் மறுக்காமல் போய்விடுங்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் இன்னும் பாக்கியம். சகன் சாப்பாடு என்று ஒரே பெரிய தட்டைச் சுற்றி மூன்று நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முதல்முறை எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், "உங்க பக்கத்துல இருந்து எடுத்துக்கிட்டே வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, தன் பக்கத்துக் கறித்துண்டை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். தன் பங்கு பார்த்துச் சாப்பிடுகிறவர் யாரும் அந்தத் தட்டில் இல்லை.

தொதல் என்கிற இனிப்பை விட்டுவிடக் கூடாது. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியோ சீனியோ போட்டு மணிக்கணக்கில் கிண்டி எடுப்பது. கருப்பட்டித் தொதலைக் கேட்டு வாங்குங்கள். விரலால் அழுத்தினால் அமுங்கி மெதுவாகத் திரும்பி எழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது, தேங்காய் எண்ணெய் லேசாகக் கசிந்திருக்க வேண்டும். ஒட்டினால் கிண்டினது போதவில்லை என்று அர்த்தம்.

ரமலான் மாதத்தில் வந்தால் பகலில் பல கடைகள் மூடியிருக்கும், ராத்திரி ஊர் விழித்துக்கொள்ளும். சாயங்காலம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றும்போது தூக்குவாளியோடு எல்லா மதத்துப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். கூடவே கடல்பாசி கேளுங்கள். பாலிலோ ரோஸ் எசன்ஸிலோ காய்ச்சி உறைய வைத்துத் துண்டு போட்டது. அதற்கு மூலப்பொருள் இந்தக் கடலிலேயே விளைகிறது. பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்கி, பாறையில் இருந்து பாசியைப் பிய்த்து எடுப்பார்கள். அதில் மரிக்கொழுந்துப் பாசி என்று ஒரு வகை இருக்கிறது, அதிலிருந்துதான் அந்த உறையும் பொருளை எடுக்கிறார்கள்.

குடிக்க என்ன

பப், ரூஃப்டாப் பார் என்று தேடி வந்திருந்தால் இந்தக் கரை உங்களுக்குச் சரிப்படாது. டாஸ்மாக் மதியம் 12 முதல் ராத்திரி 10 வரை, அதற்கு என் வழிகாட்டல் தேவையில்லை. ஆனால் ஒரு வேண்டுகோள்: பாட்டிலைக் கடற்கரைக்குக் கொண்டுவராதீர்கள். கரைவலை இழுப்பவர்கள் வெறுங்காலோடு மணலில் குதிகால் ஊன்றி இழுப்பார்கள், உடைந்த கண்ணாடி அவர்கள் காலில்தான் ஏறும். குடித்துவிட்டு அரிச்சல்முனையில் தண்ணீரில் இறங்கவும் இறங்காதீர்கள். ரெண்டு கடலும் சேருகிற இடம், நீரோட்டம் இழுத்தால் நீச்சல் தெரிந்தவரும் தப்ப முடியாது.

குடிக்க வேண்டியது பதநீர். மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி வரைக்கும் சாயல்குடி, உச்சிப்புளி பக்கம் ரோட்டோரத்தில் கிடைக்கும். காலை எட்டு மணிக்கு முன்னால் போக வேண்டும். பனைத் தொழிலாளி பச்சை ஓலையை மடித்து ஒரு முடிச்சில் பட்டையாகக் கட்டி உங்கள் இரண்டு கைக்குள் கொடுப்பார், கலயத்தைச் சாய்த்து அதில் ஊற்றுவார், ஓலையின் பச்சை வாசனையும் சுண்ணாம்பின் லேசான காரலும் இனிப்போடு சேர்ந்து தொண்டையில் இறங்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. நுங்கு கிடைத்தால் பதநீரிலேயே நசுக்கிப் போடச் சொல்லுங்கள். வெயில் ஏறிய பிறகு, மதியம் கேனில் வைத்து விற்பதை வாங்க வேண்டாம், பாதி தண்ணீர் பாதி சீனி.

டீ பற்றி: இங்கே நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. டீ ஒரு மாதிரி கரித்தால் அந்தக் கடையில் கேன் தண்ணீர் வாங்குவதில்லை என்று புரிந்துகொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். விடிகாலை நாலு மணிக்குத் துறைமுகத்துப் பக்கம் திறந்திருக்கிற டீக்கடைதான் சிறந்தது. ஏலம் எடுக்க வந்த வியாபாரிகளும் ஐஸ் வண்டிக்காரர்களும் பேசுவதைப் பத்து நிமிடம் கேட்டாலே அன்றைக்கு மதியம் என்ன சாப்பிடலாம் என்று தெரிந்துவிடும்.

ராத்திரிக்குப் பரோட்டா கடைதான். கூட்டம் பார்த்து உட்காருங்கள், வேறு சூட்சுமம் இல்லை.

ஊருக்குக் கொண்டுபோக

கருவாடு வாங்குவதென்றால் நெத்திலியை ஒடித்துப் பாருங்கள், டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் காயவில்லை. கையில் எடுத்து உதறினால் மண் கொட்டக் கூடாது. வலைவிரித்தோ பரண் போட்டோ காயவைத்ததைக் கேட்டு வாங்குங்கள், வெறும் மணலில் காயவைத்ததை எத்தனை முறை அலசினாலும் பல்லில் நறநறக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் முதலில் பேப்பர், அதன்மேல் ரெண்டு பாலித்தீன், அதன்மேல் மூடி இறுகிய டப்பா என்று கட்டிக்கொள்ளுங்கள். தொதலை வேறு பையில் வையுங்கள், அதுவும் உங்கள் மடியில். கருவாட்டோடு ஆறு மணி நேரம் ஒரே பையில் கிடந்த தொதலை வீட்டில் யாரும் தொட மாட்டார்கள்.